பெண் பார்க்க வந்தவர்கள் கழற்றிய மோட்டார்

வேலையில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவர்கள், அந்த வேலையைத் தங்கள் வீட்டில் மட்டும் செய்து காட்டவே கூடாது. இதை நான் பட்டுப்புடவையோடு போர்வெல் பக்கத்தில் மண்டியிட்டுக் கற்றுக்கொண்டேன்.

வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் எனக்கு வேலை. (உள்ளே இல்லை, மேலேதான். அம்மா ஊர் முழுக்கச் சொல்லியும் யாரும் நம்பவில்லை.) பூமிக்கடியில் நிலக்கரி வெட்டும்போது ஊறுகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். அதனால் அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றுகின்றனவா, ஓடைத் தண்ணீர் கெடுகிறதா என்று அளந்து பார்ப்பது என் பொறுப்பு. வேலையை விடச் சொன்ன வரன்களையெல்லாம் தட்டிக்கழித்திருந்தேன். மரக்காணத்து உப்பளக்காரர் வீட்டு வரன் மட்டும்தான் “வேலைக்குப் போகட்டுமே” என்றது. மாப்பிள்ளையை எனக்கு போட்டோவிலேயே பிடித்துவிட்டது. அதனால் இந்த இடம் கைநழுவிவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் ஒரே பதைப்பு.

கூனிமேட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காபி வருவதற்கு முன்பே மாப்பிள்ளையின் பெரியப்பா ஆரம்பித்தார்.

“சொரங்கத்துல இன்னாம்மா வேலை?”

“சுத்தி இருக்கிற கெணத்துல தண்ணி எவ்ளோ ஆழத்துல இருக்குதுன்னு பார்க்கிறதுங்க.”

“கெணத்த எட்டிப் பார்க்கிறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும்தான். எனக்குச் சுருக்கென்றது. சென்னையில் சர்வீஸுக்குக் கொடுக்க எடுத்து வந்திருந்த கம்பெனிக் கருவி அறைக்குள் இருந்தது. ஒரு சக்கரம், அதில் சுற்றிய நீளமான டேப், நுனியில் ஒரு கனமான முனை. அது தண்ணீரைத் தொட்டால் ‘பீப்’ என்று கத்தும். அதைத் தூக்கிக்கொண்டு போர்வெல் இருக்கும் தோட்டத்துக்கு நடந்தேன். (அம்மா கண்ணாலேயே கும்பிட்டாள்.)

மோட்டார் இறக்கிய போர்வெல்லில் டேப்பை நேரடியாக விடாதீர்கள், ஒயரில் சிக்கிக்கொள்ளும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே நான்தான். விட்டேன். பீப் என்றது. பெரியப்பாவின் புருவம் உயர்ந்தது. ராணி மாதிரி நிமிர்ந்து டேப்பைச் சுற்றினேன். வரவில்லை. இழுத்தேன். அசையவில்லை. சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “டேங்க்ல தண்ணி இல்ல, காபி போடணும், மோட்டார் போடவா?”

“போடாதம்மா! டேப்பு போயிடும், என் வேலையும் போயிடும்!”

பெரியப்பா குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொய்யா மரத்தில் மாட்டினார். “ஏம்பா, வண்டியில பைப் ரெஞ்சு இருக்குதா? மோட்டார மேல ஏத்திடலாம்.”

உப்புத் தண்ணீர் குழாய்களை அரித்துவிடுவதால் அடிக்கடி மோட்டாரை மேலே எடுத்துப் பழகிய குடும்பம் அது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டினார். என்னைப் பார்க்க வந்தவர்கள் என் பக்கம் திரும்பக்கூட நேரமில்லாமல் குழாய் குழாயாக உருவிக் கழற்றினார்கள். மதில்மேல் அக்கம்பக்கத்துத் தலைகள் வரிசையாக முளைத்தன. கருவி விடாமல் கத்தியது. மாப்பிள்ளை குனிந்து சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“இத ஆஃப் பண்ற சுவிட்சு இங்க இருக்குதேங்க?”

“ஆமாங்க,” என்றேன். நாங்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். அப்படியே போருக்குள் குதித்துவிடலாம் போலிருந்தது.

ஒரு வழியாக மோட்டார் வெளியே வந்தது. ஒயரோடு பின்னிக்கிடந்த டேப்பை அவர் பொறுமையாகப் பிரித்துக் கொடுத்தார். அறுபடவில்லை. எல்லாவற்றையும் திரும்ப இறக்கி மாட்டி, தண்ணீர் வந்து, காபி வந்தபோது ராகுகாலமே தொடங்கிவிட்டது. அப்பா ஈனக்குரலில், “பொண்ணு...” என்று இழுத்தார்.

பெரியப்பா கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். “வேலைய வுடாதம்மா, தாராளமா போய்ட்டு வா. எங்க வூட்டு போர்ல மட்டும் கைய வெக்காத.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது எனக்கு.

கல்யாணமாகி வருஷங்கள் ஆகின்றன. இன்றும் என் புகுந்த வீட்டிலிருந்து யாராவது பெண் பார்க்கக் கிளம்பினால், பூ, பழம், வெற்றிலைத் தட்டெல்லாம் காரில் ஏறிய பிறகு பெரியப்பா வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார்:

“எல்லாம் சரி, ரெஞ்சு எடுத்துக்கினீங்களா?”