ஒரு நிமிஷம் அண்ணாச்சியும் 1882-இல் செத்தவர்களும்

செத்தவர்களுக்கு எங்கள் ஒரு நிமிஷம் அண்ணாச்சி கொடுத்த மரியாதையை எந்த அரசாங்கமும் கொடுத்ததில்லை. ஒரே ஒரு நிபந்தனை: செத்தவர் 1882-இல் செத்திருக்க வேண்டும். அதற்கு முந்தின வருஷமோ பிந்தின வருஷமோ போனவர், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவரிடம் ஒரு கும்பிடுகூட வாங்க முடியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த எங்களுக்கெல்லாம் போக்கிடம் அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்தான். முன்பக்கம் மெஷின்கள், பின்பக்கம் வீடு. ஏலத்தில் அவர் ஒரு பழைய மெஷினை எடுத்தபோது, அதற்கு முட்டுக் கொடுத்திருந்த ஆங்கில ஆண்டு மலர் ஒன்றும் கூடவே வந்து சேர்ந்தது. 1882-இல் உலகத்தில் நடந்ததெல்லாம் அதில் இருந்திருக்கிறது. கரையான் போர்களையும் கண்டுபிடிப்புகளையும் தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் இருந்த ‘மறைந்த பிரமுகர்கள்’ பகுதியை மட்டும் அண்ணாச்சிக்கு விட்டுவைத்திருந்தது.

அந்தப் பிரமுகர்களின் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. அதனால் தொழிலை வைத்துக் கூப்பிட்டார். கப்பல் கட்டியவர் கப்பல்காரர், தாவர ஆராய்ச்சி செய்தவர் செடிகொடிக்காரர், மேடைப் பாடகி ஒருத்தி பாட்டுக்காரம்மா. அவரவர் தேதி வந்தால் வாசல் கரும்பலகையில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் பொடி எழுத்தில் ஆளைக் குறிப்பிடுவார். வருஷம் எழுத மாட்டார். எல்லாம் ஒரே வருஷம்தானே, சாக்பீஸ் எதற்கு வீணாக வேண்டும்?

பாட்ச் தொடங்குமுன் நாங்கள் வாசலில் வரிசையாகத் தலைகுனிந்து நிற்க வேண்டும். “ஒரு நிமிசம்” என்பார். அவருடைய நிமிஷத்துக்கு அறுபது நொடி என்ற கட்டுப்பாடெல்லாம் கிடையாது. ஒரு தடவை எங்கள் பாட்ச் பையன் ஒருவன் தயங்கித் தயங்கிப் போய் நின்றான்.

“அண்ணாச்சி, எங்க பெரியப்பா தவறிட்டாவ. ரெண்டு நாளைக்கு வர முடியாது.”

“அடடா, தாராளமா லீவு எடுத்துக்கிடு. ஆனா பாட்டுக்காரம்மாவுக்கு நின்னுட்டுப் போலே.”

ஆடி அமாவாசையன்று தெப்பக்குளத்தில் திதி கொடுக்கப் போனார். ஐயர் வழக்கம்போல விசாரித்தார்.

“யாருக்கு அண்ணாச்சி?”

“செடிகொடிக்காரருக்கு.”

“கோத்திரம்?”

“டென்மார்க்கு.”

ஐயர் அசரவில்லை. “தெரியாட்டா சிவகோத்திரம்னு சொல்லிக்கலாம்” என்று எள்ளை எடுத்துக் கையில் போட்டார். அன்று முதல் டென்மார்க்கிலும் நமக்கு ஒரு சைவக் குடும்பம் உண்டு.

அண்ணாச்சி சம்சாரம், எங்கள் மதினிதான் பாவம். “எங்க மாமனாருக்கு வருசத்துக்கு ஒரு தெவசம். இந்த மனுசருக்கு மாசத்துக்கு நாலு. வெள்ளைக்காரனுக்கெல்லாம் இவரே கொள்ளி வச்ச மாதிரில்லா இருக்கு!” என்று புலம்புவார். புலம்பலில் நியாயம் இருந்தது. மகள் கோமதிக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள், பெண் பிடித்திருந்தும், இது என்ன நித்தமும் இழவு கொண்டாடுகிற வீடு என்று நழுவிவிட்டன. மூன்றாவதாக வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு நல்ல இடம் கூடி வந்தது. நிச்சயத்துக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அது கப்பல்காரர் நாள்.

“அன்னைக்கு ஒரு நாளைக்கு அந்தப் பேச்சை எடுக்காதீங்க. இதுவும் தட்டிப் போச்சுன்னா கோமதி வீட்டோடதான் கெடப்பா” என்றார் மதினி. அண்ணாச்சி கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் சத்தியம் வாயைப் பற்றியது. கரும்பலகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பொழுது விடிந்ததும் எழுதிவிட்டார். பரீட்சை நெருங்கியிருந்ததால் எங்கள் பாட்சும் உண்டு. நாங்களும் வழக்கம்போல வாசலில் தலைகுனிந்து நின்றோம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் பெரியம்மை. பலகையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டு வாசலில் நின்று யார், எப்போது என்று விசாரிப்பது மரியாதை இல்லை. முதலில் அழ வேண்டும், கேள்வியெல்லாம் பிறகுதான். பெரியம்மை மரியாதை தெரிந்தவர். தாம்பாளத்தைப் பின்னால் வந்தவர் கையில் தள்ளினார், தலையிலிருந்த பிச்சிப்பூவை உருவி எறிந்தார், மாரில் அடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

“சம்பந்தி ஆகுமுன்னே போயிட்டீரே அண்ணாச்சீ! பந்தல் போடுத வீட்டுல பாடை கட்ட வச்சிட்டீரே!”

மற்ற பெண்களும் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். சத்தம் கேட்டு, ‘போய்விட்ட’ அண்ணாச்சி புது வேட்டி சரசரக்க வெளியே வந்தார். பெரியம்மையின் அழுகை பாதியில் நின்றது.

“நீரு இருக்கீரா? அப்போ யாரு போனது?”

அண்ணாச்சி மதினியைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்ற கோமதியைப் பார்த்தார். தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பலகையைப் பரபரவென்று அழித்தார்.

“யாரும் போகல தாயி. அது பிள்ளைகளுக்கு டைப் அடிக்கப் போட்ட பாடம்.”

தன்னுடைய ஆட்களில் ஒருவரைக்கூட அவர் அதுவரை இல்லை என்று சொன்னதில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அப்பா பொய் சொல்லுதாவ.” பட்டுச்சேலையோடு கோமதி வெளியே வந்து நின்றாள். “இன்னைக்குக் கப்பல்காரர் செத்த நாள். நூறு வருசம் ஆகுது. வருசா வருசம் அப்பா அவரை நெனைப்பாவ. அது புடிக்கலன்னா நீங்க போயிக்கிடலாம். எனக்காவ அப்பா பொய் சொல்ல வேண்டாம்.”

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மை மூக்கைச் சிந்திவிட்டு அண்ணாச்சியிடம் திரும்பினார்.

“கப்பல்காரரா? எந்த ஊரு?”

“வெளிநாடு தாயி.”

“அங்கன நல்லா அழுதிருப்பாவளா?”

“எங்க? கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டுச் சும்மா நிப்பாவளாம்.”

“அடப் பாவமே! அப்போ நான் அழுதது வீணாப் போகல.”

பின்னால் ஒருவர், தீட்டு உண்டா, தலை முழுக வேண்டுமா என்று முனகினார். “நூறு வருசத் தீட்டுக்குக் காலைக் கழுவினா போதும் வே” என்று பெரியம்மை அவரை அடக்கினார். “தட்டை எடுங்க. அப்பனை விட்டுக்குடுக்காதவ நம்ம பயலையும் விட்டுக்குடுக்க மாட்டா.”

தாம்பூலம் மாறியது. எல்லோரும் வேனில் ஏறும்போது அண்ணாச்சி பெரியம்மையிடம் போய்க் கைகூப்பினார். “தாயி, பாட்டுக்காரம்மாவுக்கும் நாள் வருது. ஒரு நடை வந்துட்டுப் போக முடியுமா?”

நாங்கள் சிரித்த சிரிப்பில் வேன் கிளம்பிய சத்தமே கேட்கவில்லை. ஆனால் மகளுக்காக அவர் கப்பல்காரரைக் கைவிட்டதையும், அப்பாவுக்காக அவள் கல்யாணத்தையே கைவிடத் துணிந்ததையும் வாசலில் நின்று பார்த்தவன் நான். அன்று அந்த வீட்டில் அழுதவர்களில் நானும் ஒருவன். சத்தியமாகக் கப்பல்காரருக்காக இல்லை.