மாப்பிள்ளை வீட்டில் பார்

காரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், "ஓட்டத் தெரியும்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். இந்த அடக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. இருபத்தெட்டு வயதுவரை என்னைப் போல ஒரு கார் நிபுணன் எங்கள் துறைமுக ஊரான கிள்ளானில் கிடையாது என்பதுதான் என் அபிப்பிராயம். (வேறு யாருக்கும் அந்த அபிப்பிராயம் இருந்ததாகத் தகவல் இல்லை.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. வீட்டில் அம்மாவும் நானும். வாசலில் இரண்டாம் கையாக வாங்கிய வெள்ளைக் கார். அந்தக் காலத்தில் கிள்ளான் வாலிபர்களுக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. காரை வாங்கியபடியே ஓட்டினால் மானம் போய்விடும். ஒருவன் பின்னால் இறக்கை வைப்பான், ஒருவன் புகைக்குழாயை மாற்றித் தெருவையே எழுப்புவான். நான் பார் போட ஆசைப்பட்டேன்.

பார் என்றால் ஸ்ட்ரட் பார். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் மேலே ஸ்பிரிங் வைத்த இரண்டு தூண்கள் உண்டு. போனட்டைத் திறந்தால் அவற்றின் உச்சி தெரியும், ஒவ்வொன்றிலும் மும்மூன்று நட்டு. அந்த இரண்டு உச்சியையும் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியால் இணைத்துவிட்டால், வளைவில் திரும்பும்போது கார் ஆடாது. அவ்வளவுதான் விஷயம். நான் வேலைக்குப் போகும் பாதையில் இருந்தவை மொத்தம் இரண்டு வளைவுகள். ஒன்று எங்கள் வீட்டு முனை, இன்னொன்றில் எப்போதும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆனாலும் கார் ஆடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

"ஸ்ட்ரட்" என்ற சொல் வாயில் நுழையாததாலோ என்னவோ, எங்கள் கூட்டத்தில் வெறும் "பார்" என்றுதான் சொல்வோம். "பார் போட்டாச்சாடா?" "இந்த வாரம் போடுறேன்லா." இப்படி. அம்மாவும் கேட்டுக் கேட்டு அப்படியே பழகிக்கொண்டார். என் தலையில் கல் விழுந்தது அங்கேதான்.

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் வீடு. பெயர் மாலதி. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கார் விபத்து இழப்பீட்டு விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலை. நாலு பேர் மோதிக்கொண்டு வந்து சொல்லும் கதைகளைப் படித்து, எது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே ஒருமுறை அவளைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தயிர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால் நான் உடைந்தே போவேன் என்று மனதாரப் பயந்தேன்.

ஜாதகம் பொருந்திவிட்டது. வருகிற ஞாயிறு அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே நாள் குறிப்பது. ஒரே ஒரு கண்டம், பெண்ணின் அப்பா தர்மலிங்கம். அந்த வட்டாரத்து மதுவொழிப்புச் சங்கத்துக்குச் செயலாளர். அவருடைய அண்ணன் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்தே செத்துப்போனவர். அதனால் சாராய வாடை பட்ட வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். எனக்கென்ன பயம்? நான் ஜிஞ்சர் பீர்கூடப் பேரைப் பார்த்துப் பயந்து குடிக்காதவன்.

பதினொரு மணி ரயிலில் வந்து இறங்குவார்கள், நான் ஸ்டேஷனுக்குப் போய் காரில் கூட்டி வரவேண்டும். வழியில் ஒரு பெரிய ரவுண்டானா. அதில் வருங்கால மாமனார் ஓர் அங்குலம்கூடச் சாயாமல் வந்தால், "ஆஹா, இவனல்லவா மாப்பிள்ளை" என்று பூரித்துப்போவார் என நான் கணக்குப் போட்டேன். ஆகவே சனிக்கிழமையே பார் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

கம்பியையும் கருவிகளையும் கொண்டுவந்தவன் என் கூட்டாளி சிவா. ஜப்பான் கார்களை அறுத்து விற்கும் கடையில் பொறுக்கிய கம்பி. எந்தக் காருடையது என்று கேட்டேன்.

"கார்னா எல்லாம் கார்தான்லா. உனக்கு எதுக்குடா சந்தேகம்?" என்றான்.

"நீ இதுக்கு முன்னாடி போட்டிருக்கியா?"

"போட்டதில்ல. ஆனா எதிர்த்த கடையில ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கிட்டே முழுசா பார்த்திருக்கேன்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வண்டி தரையில் நிற்கும்போதே நட்டைக் கழற்றி, கம்பியை வைத்து, திரும்ப முடுக்கினால் அரைமணி நேர வேலை. இது இப்போது தெரிகிறது. அப்போது, கார் வேலை என்றாலே ஜேக் அடித்துத் தூக்கவேண்டும் என்பது எங்கள் இருவருடைய ஞானம். இரண்டு ஜேக் வைத்து முன்பக்கத்தை நன்றாகத் தூக்கினோம். இடப்பக்கத்து மூன்றாவது நட்டைக் கழற்றியதுதான் தாமதம், 'டொக்' என்று ஒரு சத்தம். தூண் தன் ஓட்டைகளை விட்டுக் கீழே இறங்கி, சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

இருவரும் குனிந்து சாய்ந்த சக்கரத்தைப் பார்த்தோம்.

"இப்ப என்னடா செய்யிறது?" என்றேன்.

சிவா தாடையைத் தடவி யோசித்தான். "வலது பக்கத்தையும் இறக்கிடு. அப்பதான் பேலன்ஸ்."

இறக்கினேன். (அடித்துச் சொல்கிறேன், இறக்கினேன்!) கழற்றிய நட்டுகளில் ஒன்று எஞ்சினுக்குள் உருண்டு காணாமல் போனது. இறங்கிய தூணை மேலே தள்ளினால் மூன்று போல்ட்டும் மூன்று ஓட்டைக்கு எதிரே வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. ஒன்று வந்தால் இரண்டு ஓடிப்போகும்.

இந்த நேரத்தில்தான் ஹாலில் டெலிபோன் அடித்தது. மாலதியின் அம்மா. எங்கள் அம்மா பேசியதெல்லாம் ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது.

"இருக்கான்ங்க. முன்னாடிதான் பார் போட்டுக்கிட்டு இருக்கான்... ஆமாங்க, வீட்டுலயேதான். கூட்டாளியும் வந்திருக்கான். ரெண்டு பேரும் மத்தியானம் சோறுகூட வேணான்னுட்டானுங்க... ரொம்ப நாள் ஆசைங்க அவனுக்கு. எல்லாரும் போடுறாங்களே, நான் மட்டும் போடக்கூடாதாம்மான்னான். சரி போட்டுக்கோப்பான்னேன்... ஐயோ இல்லைங்க, போட்டா ஆடாதாமே! போடாதவங்களுக்குத்தான் ஆடுமாம்... உங்க வீட்டு ஐயாவுக்காகத்தான் இவ்வளவு அவசரப்படுறான். நாளைக்கு அவரும் வந்து உக்காந்தாருன்னா அவருக்கும் பிடிச்சுப்போயிரும்ங்கிறான்."

போனை வைத்துவிட்டு அம்மா வெளியே வந்தார். "அந்தம்மா ரொம்ப அமைதியான மனுஷிப்பா. நான் பேசப் பேச மூச்சே விடல" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. மாப்பிள்ளை வீட்டிலேயே சாராய பார் கட்டுகிறான், தாயே கூட நின்று போடச் சொல்கிறாள், நாளைக்கு நம்மையும் உட்காரவைத்து ஊற்றப்போகிறான் என்று கேட்டதும் தர்மலிங்கம் சாமியாடியிருக்கிறார். சம்பந்தம் வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடலாம் என்றாராம் மாலதியின் அம்மா. "இல்ல. நேர்ல போய்க் கையும் களவுமா பிடிச்சு, முகத்துக்கு நேரா சொல்லிட்டு வரணும்" என்று தர்மலிங்கம் மறுநாள் காலைக்கே டாக்சிக்குச் சொல்லிவிட்டார்.

இங்கே சிவா, பொழுது சாய்ந்ததும் என்னைத் தனியே விட்டு ஒரு விருந்துக்குப் போய்விட்டு, ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திரும்பி வந்தான். தூக்கமில்லாமல் என் கண்கள் இரண்டும் சிவந்து கிடந்தன. கிரீஸைத் துடைக்கப் போட்ட பெயிண்ட் தின்னர் பனியன் முழுக்க நாறியது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலாலும் சக்கரத்தை மேலே உந்திப் பிடித்திருந்தேன். விட்டால் எல்லாம் திரும்பக் கீழே வந்துவிடும். சிவா மறுபக்கத்தில் குப்புறப் படுத்து நட்டைத் தேடிக்கொண்டிருந்தான். அவனுடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அப்போது மணி ஒன்பது.

கேட்டருகே ஒரு டாக்சி வந்து நின்றது. வெள்ளை வெளேரென்ற சட்டையில் தர்மலிங்கம் இறங்கினார். பின்னால் அவர் மனைவி. அதற்கும் பின்னால் மாலதி.

படுத்தபடியே இரு கையையும் கூப்பினேன்.

"வணக்கம் அங்கிள்! வாங்க! தப்பா நினைச்சுக்காதீங்க, என்னால எந்திரிக்க முடியல."

அவர் மூக்கை உறிஞ்சினார். "தெரியுது. எப்ப இருந்து?"

"நேத்து மத்தியானத்துல இருந்து அங்கிள்."

"அங்க விழுந்து கிடக்கிறது யாரு?"

"கூட்டாளி அங்கிள். நட்டு கழண்டுபோச்சு, அதான்."

"அது பார்த்தாலே தெரியுது. பார் எங்க?"

"முன்னாடியேதான் அங்கிள். திறந்துதான் இருக்கு."

"காலங்காத்தாலயேவா?"

"நேத்து திறந்ததுதான் அங்கிள், இன்னும் மூட முடியல. நீங்க வரதுக்குள்ள எல்லாம் முடிச்சு, உங்களை உக்காரவச்சு ஒரு ரவுண்டு போகலாம்னு இருந்தேன்."

அவர் மனைவி "முருகா!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். தர்மலிங்கம் விறுவிறுவென்று வீட்டுக்குள் நுழைந்தார். அலமாரி திறக்கும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம், "ஐயா, என்னங்க தேடுறீங்க?" என்று அம்மா பின்னாலேயே ஓடும் சத்தம் எல்லாம் கேட்டது. அவர்களுக்காக அம்மா கரைத்து வைத்திருந்த ரோஸ் சிராப் புட்டி அவர் கையில் அகப்பட்டுவிட்டது. திறந்து மோந்து, நம்பிக்கை வராமல் ஒரு மிடறு குடித்தும் பார்த்திருக்கிறார்.

மாலதி மட்டும் உள்ளே போகவில்லை. திறந்திருந்த போனட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்குகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பா!" என்று எஞ்சின்மேல் கிடந்த கம்பியைத் தட்டிக் கூப்பிட்டாள். "நீங்க தேடுற பார் இங்க இருக்கு."

கையில் புட்டியும் வாயெல்லாம் சிவப்புமாகத் தர்மலிங்கம் வெளியே வந்தார். கம்பியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. "இதுவா? இரும்பு!" என்றார். அவ்வளவு ஏமாற்றத்தை நான் ஒரு மனிதன் முகத்தில் பார்த்ததில்லை.

"ஜேக்ல தூக்கி வச்சுக்கிட்டா நட்டு கழட்டினீங்க?" மாலதி என்னைக் கேட்டாள். ஆபீசில் கேட்கும் தொனி.

"ஆமா."

"ரெண்டு பக்கமுமா?"

"ஆமா."

"ஒரு பக்கம் விழுந்ததைப் பார்த்த பிறகுமா?"

"பேலன்ஸுக்கு" என்று முனகினேன். அவளுக்கு மேலும் அடக்க முடியவில்லை. டாக்சிக்காரர் வரைக்கும் கேட்கும்படி சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் கேட்க நன்றாகவும் இருந்தது.

"சக்கரத்தைத் தூக்காதீங்க, ஜேக்கை மெதுவா இறக்குங்க. வண்டி தானா வந்து உக்காரும். பட்டறைக்காரங்க ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதுவாங்க" என்றாள். நான் ஜேக்கை இறக்க, மேலே நின்ற தர்மலிங்கம், "வருது... வருது... இந்தப் பக்கம் கொஞ்சம்" என்று போல்ட்டுகளுக்கு வழி சொல்லத் தொடங்கினார். இரண்டு பக்கமும் மும்மூன்றும் ஒருசேர ஓட்டைக்குள் புகுந்தபோது, தேர் நிலைக்கு வந்ததுபோல "வேல் வேல்!" என்றார். பிறகு யாரையும் நெருங்கவிடவில்லை. கம்பியைப் பொருத்தி, கிடைத்த ஐந்து நட்டையும் அவரே முடுக்கினார். மதுவொழிப்புச் சங்கச் செயலாளர் தம் கையாலேயே எங்கள் வீட்டில் பார் போட்டார்.

கம்பி வேறு காருடையது. போனட் மூடவில்லை. நைலான் கயிற்றால் கட்டி, சாயங்காலம் அந்தக் காரிலேயே அவர்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டேன். ரவுண்டானாவில் தர்மலிங்கம் என் தோள்மீதே வந்து சாய்ந்தார். "தம்பி, முன்னைவிட ஆடுதோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பிளாட்பாரத்தில் ரயில் வந்து நின்றது. சாப்பாடு நன்றாக இருந்தது, அம்மா நல்லவர், வீடு காற்றோட்டம் என்று எல்லாம் பேசினார்கள். முக்கியமானதை மட்டும் யாரும் பேசவில்லை. கடைசியில் தர்மலிங்கம் மகள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்ற?"

மாலதி நிதானமாகச் சொன்னாள்: "டோட்டல் லாஸ் இல்லப்பா. ரிப்பேர் பண்ணிக்கலாம்."

"ஆமாங்க, போனட் மட்டும்தான். நாளைக்கே பட்டறைக்குக் கொண்டுபோயிருவேன்" என்றேன் நான் முந்திக்கொண்டு.

"நான் காரைச் சொல்லல" என்றாள் அவள். அவர்கள் ஏறியதும் ரயில் கதவு மூடிக்கொண்டது.

அடுத்த தையில் எங்களுக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு நான் குழாய் மாற்றப்போய் வீட்டில் வெள்ளம் விட்டிருக்கிறேன், ஃபேன் மாட்டப்போய்த் தெருவையே இருட்டாக்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் ஓடிவந்து, "அம்மா, இந்தத் தடவை டோட்டல் லாஸா?" என்று கேட்பார்கள். மாலதி என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பாள்.

"இரு, இன்னும் ரிப்போர்ட் எழுதி முடிக்கல" என்பாள்.