ஹப்புத்தளை வளைவில் கட்டிய வெள்ளைக் கொடி

பதுளை கடைவீதி,
வியாழன் காலை.

ஊவா மாகாணத்து மக்களின் மானத்தை முப்பது வருஷமாகக் கஜம் கஜமாக வெட்டிக் கொடுத்துக் காப்பாற்றி வரும் ராமாமிர்தம் அன் சன்ஸ் துணிக்கடையின் சக்கரவர்த்தியும், உன் அம்மாவுக்கு வாய்த்த ஒரே அண்ணனுமாகிய நான், பண்டாரவளையில் வாழும் என் மருமகன் தினேஸுக்கு அட்சதை தூவி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் பிரசாந்தினியும் சுகமென்று நம்புகிறேன். உன் அத்தை சுலோஜனாவும் சுகம்தான். என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். காரணம் பின்னால் வரும், அவசரப்படாதே.

போன வாரம் நீ போனில் குரலை ஒளித்துக்கொண்டு, "மாமா, நாங்களும் ஐ.வி.எஃப். செய்யலாம்னு இருக்கோம். கம்சலாவ கொழும்புக்குக் கூட்டிட்டுப் போய் வர்றது நீங்கதானே, என்ன ஏதுன்னு சொல்லுங்களேன்" என்று கேட்டாய். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், என் கைக்கும் அந்த வாட்ஸ்அப்புக்கும் உள்ள ஜென்மப் பகை. என் மகள் கம்சலாவின் புருஷன் கிரிஷாந்தனுக்கு, "மாப்ளே, ஊசி மருந்தெல்லாம் நம்ம ஃப்ரிஜ்ல தேங்காய்ப்பாலுக்குப் பக்கத்துல பத்திரமா இருக்கு" என்று நான் பேசி அனுப்பியது குடும்பக் குரூப்புக்குப் போய், திருச்சியிலிருக்கும் நம் சனம் முழுக்க மாப்பிள்ளைக்குச் சீனி வியாதி என்று முடிவுகட்டி, இன்றுவரை பாகற்காய் வைத்தியம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஒன்று. பயப்படாதே. உன் மாமன் பயம் என்பதை அறியாதவன். மழைக்கு மலை சரிந்து கடையின் பின்சுவர் வரை வந்தபோது, "கொஞ்சம் தள்ளி நில்லு, யாவாரம் நடக்குது" என்று மலைக்கே சொன்னவன். நம் குடும்பத்தில் எதைத் தொட்டாலும் ஒரே தடவைதான், இதுவும் ஒரே தடவையில் முடிந்துவிடும். இப்போது கம்சலாவும் அத்தையும் இரத்தம் கொடுக்க லெபுக்குப் போயிருக்கிறார்கள். கரு ஒட்டியதா இல்லையா என்று இன்று பின்னேரம் தெரிந்துவிடும். அதுவரை கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. வியாபாரம் கொஞ்சம் மந்தம்.

இரண்டாவது, புருஷனும் பெண்சாதியும் முதல் நாளே சேர்ந்து போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். நாங்கள் மூன்று வருஷமாகக் கம்சலாவை மட்டும் ஊவாவிலுள்ள அத்தனை டொக்டருக்கும் அத்தனை கோயிலுக்கும் இழுத்தோம். கதிர்காமத்து மயில்கூட அவளை அடையாளம் கண்டு தலையாட்டத் தொடங்கிவிட்டது. கடைசியில் பார்த்தால் பாதிக் காரணம் மாப்பிள்ளை பக்கம். அது யாருடைய குற்றமும் இல்லை, ஆனால் மூன்று வருஷம் வீணாய்ப் போயிற்று. பசறையில் நானூறு பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்கும் கணக்கு வாத்தியாரான மாப்பிள்ளை, கையில் ஒரு சின்னப் போத்தலோடு அந்த அறைக்குப் போனபோது பார்த்திருக்க வேண்டும். பேனா இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்கு வந்த பிள்ளையின் முகம். "வெட்கப்படாதீங்க மாப்ளே" என்று நான் கொரிடோரின் இந்தப் பக்கத்திலிருந்து தைரியம் சொன்னேன். கொரிடோரே திரும்பிப் பார்த்தது. நீ போகும்போது என்னைக் கூட்டிப் போகாதே.

பிறகு ஊசி. ஒவ்வொரு பின்னேரமும் அதே நேரத்துக்குத் தன் வயிற்றில் தானே குத்திக்கொள்ள வேண்டும். மருந்து ஃப்ரிஜ்ஜில் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. உன் அத்தை ஒருநாள் பாசத்தின் மிகுதியால் ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப் போனாள், நான் குறுக்கே பாய்ந்தேன். கருமுட்டைகள் வளர வளர வயிறு உப்பும். ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள், திடீரென்று அதிகமாக வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ யோசிக்காமல் ஓடி வரச்சொல்லி. நாங்கள் ஒவ்வொரு நாளும் அந்த வயிற்றையே பார்த்துப் பயந்துகொண்டிருக்க, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தி, "என்ன தங்கச்சி, நல்ல சேதியா? எத்தன மாசம்?" என்று கேட்டிருக்கிறாள். கம்சலா சிரித்துவிட்டு இரண்டு பஸ் தரிப்பிடத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்து வந்தாள். பிரசாந்தினியை பஸ்ஸில் அனுப்பாதே.

இன்னொன்று, முட்டைகளின் கணக்கைக் கேட்டுக் கோட்டை கட்டாதே. மயக்க மருந்து கொடுத்துப் பதினொரு முட்டை எடுத்தார்கள். நான் பதினொரு பேரப்பிள்ளைக்கும் பெயர் வைத்து, கிரிக்கெட் டீமில் யார் விக்கெட் கீப்பர் என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். மறுநாள் ஏழுதான் கருவாகியிருந்தது. ஐந்தாம் நாள் மூன்று. இது எல்லோருக்கும் நடப்பதுதானாம், முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் டீம் கலைந்ததற்கு நான் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். அதில் ஒன்றை உள்ளே வைத்தார்கள், இரண்டை உறைநிலையில் வைத்திருக்கிறார்கள். வைக்கும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்றதால் கம்சலா உமா ஓயா ஆற்றையே குடித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

இனித்தான் அத்தை பேசாத கதை. நர்ஸ் ரிஸ்கா தெளிவாகச் சொன்னாள்: "அங்கிள், நடக்கலாம், வாகனத்துல போகலாம், படுத்தே கிடக்கத் தேவையில்ல. அது ரெண்டு ரொட்டிக்கு நடுவுல ஒட்டின எள்ளு மாதிரி, குலுங்கினா விழாது." நாங்கள் யாராவது நம்பினோமா? கொழும்பிலிருந்து வேனை எருமை நடையில் ஓட்டினேன். பெரகலை தாண்டி மலையேறத் தொடங்கியதும் பின்னால் சேர்ந்த வாகன வரிசையின் வால் கடல்வரை இருந்திருக்கும். பஸ்காரன் ஹார்ன் அடிக்கும்போதெல்லாம் அத்தை இரண்டு கையாலும் கம்சலாவின் வயிற்றைப் பொத்துவாள், உள்ளே கேட்டுவிடுமாம். அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது. வேனில்தான் கடைக்கு வாங்கிய வெள்ளைத் துணிக்கட்டு இருக்கிறதே. ஹப்புத்தளைக்குக் கீழே ஒரு வளைவில் நிறுத்தி, இரண்டு துண்டு கிழித்து, இரண்டு பக்கக் கண்ணாடியிலும் கட்டினேன். செத்த வீட்டு வாகனத்துக்கு இந்த நாட்டில் எவன் ஹார்ன் அடிப்பான்?

"மாமா, யாரும் சாகலையே" என்றார் கிரிஷாந்தன்.

"செத்தாத்தான் கட்டணும்னு சட்டமா மாப்ளே? பேசாம இருங்க."

அத்தை கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. அதன்பின் பாதை சொர்க்கம். பஸ்கள் ஒதுங்கின. பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். பண்டாரவளையில் மட்டும் சந்தைக்கு வந்திருந்த உன் அம்மா என் வேனைக் கண்டுவிட்டு, கறிவேப்பிலையை நிலத்தில் போட்டு, "ஐயோ, எங்கண்ணே போயிட்டாரே!" என்று குரலெடுத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் கை காட்டினேன். அதைப் பார்த்து இன்னும் பலமாக அழுதாள். அந்தச் சத்தத்தில்தான் அத்தை கண்ணைத் திறந்தாள்.

பதுளைக்கு வந்தால், சேதி எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்து, பக்கத்துக் கடை பாறூக் நானா பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வாசலில் நிற்கிறார். "முதலாளி, நீங்களா? அல்ஹம்துலில்லாஹ்! அப்ப யாரு மவுத்து? மலர்வளையத்துக்கும் சொல்லிட்டோமே!"

அத்தை கம்சலாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு என்னிடம் ஒன்று சொன்னாள்: "உசிர வீட்டுக்குக் கூட்டிட்டு வரையில சாவுக் கொடி கட்டின ஒரே மனுஷன் நீங்கதான்." அதுதான் கடைசிப் பேச்சு.

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் தினேஸ், அன்று முதல் வெள்ளைத் துணி கேட்டு யார் வந்தாலும் "ஸ்டொக் இல்ல" என்கிறேன். அலமாரி நிறைய இருக்கிறது. யூனிபோர்முக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளைக்கூட அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் அத்தை பாமசியில் கருவி வாங்கி வந்து சோதித்து, இரண்டு கோடு விழுந்ததும் கேசரி கிண்டினாள். ரிஸ்காவிடம் கேட்டால், "அது முட்டை எடுக்க முந்திப் போட்ட ஊசி மருந்து காட்டுற கோடு. வீட்டுல பாக்க வேணாம், ரத்தத்துலதான் சரியாத் தெரியும்" என்றாள். கேசரி எதற்கென்று கேட்டவர்களுக்கு என் பிறந்தநாள் என்று சொன்னோம். இந்த வருஷம் எனக்கு அது மூன்றாவது பிறந்தநாள். கம்சலா ஒரு வாயும் சாப்பிடவில்லை.

துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்று நானே ரிஸ்காவுக்கு ஒருநாள் போன் எடுத்து, "என் கூட்டாளி ஒருத்தன் வேன்ல வெள்ளைக் கொடி கட்டிட்டான், அதால கருவுக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்டேன். அவள், "உங்க கூட்டாளிக்கிட்ட சொல்லுங்க அங்கிள், ஒட்டாமப் போனா அனேகமா அந்தக் கருவிலேயேதான் காரணம் இருக்கும். யாரும் எதுவும் செஞ்சதால இல்ல" என்றாள். கூட்டாளியிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

ஆகவே மருமகனே, துணிந்து போங்கள். உங்கள் வீடு பிள்ளைச் சத்தத்தால் அக்கம்பக்கத்தார் முறைப்பாடு செய்யும் அளவுக்கு நிறையட்டும். உன் அம்மாவிடம் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று இன்னொரு முறை சொல்.

இப்படிக்கு,
அஞ்சா நெஞ்சன்
ராமாமிர்தம்

பி.கு.: பின்னேரம் எழுதுகிறேன். மேலே "ஒரே தடவையில் முடிந்துவிடும்" என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரியை வெட்டிவிடு. பயம் அறியாதவன் என்பதையும், இப்படிக்குக் கீழே போட்ட பட்டத்தையும் சேர்த்து வெட்டு.

கம்சலா போனில் வந்த முடிவைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தாள். "அப்பா, என்னையப் பசறைக்குக் கொண்டுபோய் விடுங்க. அவர் ஸ்கூல் விட்டு வர முந்தி நான் வீட்டுல இருக்கணும்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "வா தங்கம், மெதுவா ஓட்டுறேன்" என்றேன்.

"இனி வேகமாவே ஓட்டலாம்ப்பா."

அப்படியும் மெதுவாகத்தான் ஓட்டினேன். பசறை ரோட்டில் எனக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் ஹார்ன் அடித்தார்கள். நடுவழியில் கம்சலா, "நேத்து தண்ணி வாளியத் தூக்கினேனே, அதாலயாப்பா?" என்று கேட்டாள். ரிஸ்கா சொன்னதைச் சொல்ல அவள் பக்கம் திரும்பினேன். பின்னாலிருந்து உன் அத்தைதான், "வாளியாலயும் இல்ல, கொடியாலயும் இல்ல. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய பேச்சு.

வீட்டு வாசலில் இறங்கும்போது கம்சலா, "இன்னும் ரெண்டு இருக்குப்பா" என்றாள். கொழும்பில் அந்தக் குளிரில் இருக்கும் இரண்டையும் சொன்னாள். எப்போது போவதென்று அவளும் மாப்பிள்ளையும் சொல்லட்டும், நான் கேட்கப் போவதில்லை.

உங்களை முதல் நாள் கூட்டிப் போக வேன் தருகிறேன், நானும் வருகிறேன். கொரிடோரில் வாய் திறக்க மாட்டேன். வரும்போது கொடி கட்ட மாட்டேன். ஹார்ன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.