லேப்டாப்புக்கு வைத்தியம்

லேப்டாப் மறுபடியும் உறும ஆரம்பித்தபோது ஹரிதாஸ் பாதி முகத்தைத்தான் சவரம் செய்திருந்தான். மீதி முகத்தில் நுரையோடு அடுப்படிக்கு ஓடினான். அலமாரியில் மூடி வைத்திருந்த அது, புல் வெட்டும் மெஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. தொட்டவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"ராத்திரி பூரா ஓடிச்சா?"

"வீடியோ பாத்துக்கிட்டே இருந்தேன். அணைக்க மறந்துட்டேங்க," என்றாள் சுபத்ரா. இட்லித் தட்டிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

ஹரிதாஸ் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிற சின்னக் கிராணி. ஆபீசுக்குப் புது மெஷின்கள் வந்தபோது, எஸ்டேட் மேனேஜர் துரை பழைய லேப்டாப் ஒன்றை அவனைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே கொடுத்தார். அன்றிலிருந்து அது வீட்டில் குலதெய்வத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது. சரஸ்வதி பூஜைக்கு அதற்குச் சந்தனப் பொட்டு உண்டு. பக்கத்தில் யாராவது தண்ணீர்த் தம்ளரை வைத்துவிட்டால் அன்றைக்கு ஹரிதாஸ் சாப்பிட மாட்டான்.

தெய்வத்துக்கு வயசாகிவிட்டது, அதுதான் சங்கடம். திறந்தால் விழிக்க ஒரு காப்பி குடிக்கும் நேரம் எடுத்தது. மூடினாலும் அணையாத வியாதி வேறு இருந்தது. சில மாதங்களாக, வீட்டு வேலை முடிந்த பிறகு லேப்டாப் எனக்கு வேண்டும் என்று சுபத்ரா கேட்டு வாங்கிக்கொண்டாள். வியாபாரம் செய்வது எப்படி என்று வீடியோவில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். அடுப்படியில்தான் பிளக் ஒழுங்காக இருக்கிறது, சத்தத்தில் உங்கள் தூக்கமும் கெடும் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். படிக்கிற பெண்டாட்டியை யார் தடுப்பார்கள்? ஹரிதாஸ் பெருமையோடு தூங்கப் போய்விடுவான்.

வியாபாரம் என்றது இட்லி வியாபாரம். கேமரன் மலைக் குளிரில் இட்லி அவிப்பது சாமானிய காரியமில்லை. மாலையில் கரைத்த மாவு காலையிலும் அப்படியே கிடக்கும், ஓர் அங்குலம் எழும்பாது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் எல்லார் வீட்டு இட்லியும் தட்டையாகத்தான் இருந்தது. சுபத்ராவின் மாவு மட்டும் கொஞ்ச காலமாகப் பொங்கிப் பானையைத் தாண்டியது. கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பினாள். கைராசி என்று ஊர் முடிவு கட்டியது. ஹரிதாஸும் அதைத்தான் நம்பினான். நல்ல மனசோடு கரைத்தால் மாவு பொங்கும், மனசு வாடினால் மாவும் வாடும் என்று அவன் அம்மா சொல்லியிருக்கிறாள்.

பக்கத்து டவுனான பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜப்பார் பாய் ஒருநாள் ஹரிதாஸின் டிபன் டப்பாவிலிருந்து ஓர் இட்லியை எடுத்துத் தின்றார். தின்றவர் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். அவருக்கு ஈப்போவிலிருந்து இட்லி வந்துகொண்டிருந்தது. மலை ஏறி வருவதற்குள் அது விறைத்துப்போகும்.

"இந்த வாரம் கொண்டாந்து குடு தம்பி. வாடிக்கைக்காரங்களுக்குப் பிடிச்சிருந்தா, தெனமும் தங்கச்சிகிட்டயே எடுத்துக்கிறேன்," என்றார்.

தினமும் இட்லி போனால் சுபத்ரா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக வேண்டாம். மேட்டிலும் சரிவிலும் ஏறி இறங்கி அவள் முட்டி தேய்ந்துவிட்டது. வேலை விட்டு வந்ததும் தைலம் தடவிக்கொண்டு, ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லை என்று அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ஹரிதாஸுக்கு நெஞ்சு வலித்தது. இந்த ஆர்டர் நிலைக்கத் தன்னால் ஆனதைச் செய்தே தீருவது என்று உறுதி எடுத்துக்கொண்டான்.

அடுப்பு வேலை அவனுக்குத் தெரியாது. தெரிந்தது லேப்டாப்தான். இப்படி இழுத்துப் பறிக்கிற ஓட்டை மெஷினில் அவள் எப்படிப் படிப்பாள், எப்படி முன்னேறுவாள்? அதை முதலில் சரி செய்வது என்று தீர்மானித்தான்.

அன்று மத்தியானமே அடிப்பக்கத்தைக் கழற்றினான். உள்ளே காற்றாடியைச் சுற்றி ஏதோ வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. லயத்துச் சுவர்ச் சுண்ணாம்பு எங்கெல்லாம் போகிறது என்று எஸ்டேட் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டே சுரண்டி எடுத்தான். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப்பை வைத்து ஊதினான். திரும்ப மூட்டியபோது இரண்டு திருகாணி மிச்சம் இருந்தது. அவை இல்லாமலே ஓடியதால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது.

மறுநாள் இட்லி கொஞ்சம் கனமாக இருந்தது. ஜப்பார் பாய் ஒன்றைப் பிட்டுப் பார்த்து, நேற்று மாதிரி இல்லையே என்றார். ஹரிதாஸ் வீட்டுக்கு வந்தால் சுபத்ராவின் முகமும் நேற்று மாதிரி இல்லை.

"லேப்டாப் எப்படி இருக்கு?" என்று ஆவலோடு கேட்டான்.

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "முன்ன மாதிரி இல்லீங்க. யாரு அதத் தொடச் சொன்னா?"

ஹரிதாஸுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டதுதான் இந்தக் கதையின் கேடு. வேலை அரைகுறையாக இருக்கிறது, அதனால் அவள் மனசு சரியில்லை, மனசு சரியில்லாததால் மாவு பொங்கவில்லை. கணக்கு அவனுக்கு நேராக வந்தது.

லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு பிரிஞ்சாங்கில் யாசீன் கடைக்குப் போனான். யாசீன் கைபேசியும் லேப்டாப்பும் பழுது பார்ப்பவன். திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, இதுக்குப் பாக்குற வைத்தியத்துக்குப் புதுசே வாங்கிடலாம்லா."

"என் வீட்டுக்காரிக்குக் கை பழகின சாமான்டா இது. நீ சரி பண்ணு."

யாசீன் பழைய காற்றாடியை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டினான். சூடு தணிக்கிற பசையைத் தடவினான். பழைய ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றினான். "தொட்டுப் பாருங்கண்ணே, ஐஸ் கட்டி," என்றான். ஹரிதாஸ் தொட்டுப் பார்த்துக் கண் கலங்கினான்.

மறுநாள் ஜப்பார் பாய் இட்லியைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லவில்லை. திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிவந்த லோரிக்காரன் ஒருவனைப் பற்றிச் சொன்னார்.

"ரெண்டு இட்லி கூடக் கேட்டான் தம்பி. நானும் சந்தோசமாத்தான் குடுத்தேன். மேட்டுல நிறுத்துன லோரிக்கு டயர் அடியில வைக்கவாம்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டதே என்று வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். ஹரிதாஸ் விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், சுபத்ரா லேப்டாப்பில் ஏகப்பட்ட வீடியோக்களை ஒரே நேரத்தில் ஓட விட்டிருந்தாள். மாவரைக்கும் மெஷின் விளம்பரமும் பங்குச் சந்தைப் பாடமும் யாரோ ஒருவர் யோகா செய்வதும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. சுபத்ரா எதையும் பார்க்கவில்லை. லேப்டாப்பின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கவலையோடு நின்றாள்.

ஹரிதாஸ் வாசலிலேயே உருகிப் போனான். நாள் நெருங்குகிறது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்கிறாள், பாவம், நடுவில் மெஷின் சூடாகி நின்றுவிடுமோ என்று பயந்து தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள்! அந்தப் பயத்தையும் போக்கிவிடுவது என்று, உடனே மோட்டாரைத் திருப்பி யாசீனிடம் போய், லேப்டாப்புக்கு அடியில் வைக்கிற காற்றாடித் தட்டு ஒன்றை வாங்கிவந்தான். அதில் இரண்டு காற்றாடி, நீல விளக்கு. அவனே அதைப் பொருத்தி, ஜில்லென்று காற்று வருவதை அவள் கையைப் பிடித்துக் காட்டினான்.

சுபத்ரா கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"பழையபடியே விட்டிருக்கலாம்," என்றாள் கடைசியில்.

செலவை நினைத்துச் சொல்கிறாள், இப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டான். அவள் வாய் திறந்து வேறு ஏதோ சொல்ல வந்ததையும், பூஜை அலமாரியில் லேப்டாப்புக்கென்று அவன் வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டதையும் அவன் கவனிக்கவில்லை.

அன்றைக்கு மாவில் அவள் வெந்தயத்தைக் கூட்டிப் போட்டாள். பானையைச் சுற்றிப் பழைய சுவெட்டரைக் கட்டினாள். சாமி விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. எண்ணெய்ச் செலவே தவிர பிள்ளை பிழைத்தபாடில்லை என்பது மாதிரி, காலையில் வெந்து வந்தது இட்லி என்ற பேரில் வெள்ளை வில்லைகள்.

ஜப்பார் பாய் இட்லிப் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன் தம்பி. முதல் நாள் மாதிரி வந்துச்சுன்னா ஆர்டர் தங்கச்சிக்குத்தான். இல்லன்னா ஈப்போக்காரனுக்கே போன் போட்டுருவேன். தப்பா நினைக்காத."

ஹரிதாஸுக்கு அன்று தொழிற்சாலையில் வேலை ஓடவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் எதிர் மேட்டில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் எது சுபத்ரா என்று தேட வேண்டியதில்லை. ஒரு காலை இழுத்து ஏறுபவள் அவள்தான். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அவளை ஏமாற்றியது போதும், யாசீன் முதலிலேயே சொன்னதுதான் சரி என்று முடிவு செய்தான். புது மோட்டார் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனான்.

"இருக்கிறதுலயே சத்தம் வராத, சூடாகாத லேப்டாப் எதுவோ அதக் குடு," என்றான்.

சாயங்காலம் சுபத்ரா மாவைக் கரைத்து முடித்திருந்தாள். ஹரிதாஸ் புது லேப்டாப்பை அவள் முன்னால் வைத்துத் திறந்தான். கண்ணிமைக்கும் நேரத்தில் அது விழித்துக்கொண்டது. மூச்சுக்கூட விடவில்லை.

"எத்தன வீடியோ வேணாலும் ஓட்டு. விடிய விடிய ஓடினாலும் சூடே ஏறாது. கடைக்காரன் காரண்டி குடுத்திருக்கான்," என்றான்.

சுபத்ரா அதன் மேலே கையை வைத்துப் பார்த்தாள். தூக்கி அடியிலும் வைத்துப் பார்த்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனந்தக் கண்ணீரை ஹரிதாஸ் இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை. மனசு நிறைந்த கையால் நாளைக்கு மாவு எப்படிப் பொங்கப் போகிறது பார், பாய் வாயைப் பிளக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான்.

அப்போது பக்கத்து வீட்டு மணியம்மா எட்டிப் பார்த்தாள். கொழுந்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், சுபத்ராவோடு வாய் ஓயாமல் பேசுகிற ஒரே ஆள். அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"தம்பி, புதுசு வாங்கிட்டியாமே. பழசு சும்மாதானே கெடக்கும்? எனக்குக் குடேன்."

ஹரிதாஸுக்குச் சிரிப்பு வந்தது. மணியம்மாவுக்குக் கைபேசியில் பச்சைப் பொத்தான் சிவப்புப் பொத்தான் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு அவன் யாருக்கும் எதையும் கொடுக்கிற மனநிலையில் இருந்தான். எழுந்துபோய்ப் பழைய லேப்டாப்பை எடுத்துவந்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான்.

"தாராளமா எடுத்துக்குங்கக்கா. முன்ன மாதிரி ஓட்டை இல்ல. காத்தாடி மாத்தி, எல்லாம் சரி பண்ணி வச்சிருக்கேன். இப்பச் சத்தமும் இல்ல, சூடும் இல்ல."

மணியம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. லேப்டாப்பைத் திரும்ப அவன் மடியிலேயே வைத்தாள்.

"சூடு இல்லாம இத வச்சு நான் என்ன தம்பி பண்றது? ஆமா, சுபத்ரா இனிமே மாவுப் பானையை எது மேல வச்சுப் புளிக்க வைப்பா?"