தலைமேல் வைத்த ஆணை

நகரம் நிறுவுவது எளிது. வாளை உருவி நாலு புல்லை வெட்டி, ஒரு மரத்தூணை நட்டு, "மறுப்பவன் எவனாவது உண்டா?" என்று கத்தினால் போதும். எங்கள் ஆளுநர், மாட்சிமை பொருந்திய தோன் பல்தசார் தெ உர்ரூத்தியா, மக்தலேனா நதிக்கரையில் அப்படித்தான் எங்கள் சான் புரூனோ நகரை நிறுவினார். அப்போது கோடைக்காலம். கண்ணுக்கு எட்டிய வரை காய்ந்த தரை. தவளைகள் மட்டும் மறுத்தன. அவற்றுக்கு ஸ்பானிய மொழி தெரியாததால் அந்த மறுப்பு பதிவாகவில்லை.

மழை வந்ததும் நதி எங்கள் வீடுகளுக்குள் குடிவந்தது. மரவள்ளி ரொட்டி பூஞ்சை பிடித்தது, பன்றிகள் நீந்தப் பழகின, காய்ச்சலில் ஆட்கள் செத்தார்கள். ஊரைப் பின்னாலிருக்கும் மேட்டுக்கு மாற்றச் சொல்லி ஆளுநரிடம் கெஞ்சினோம்.

"உலர்ந்த நிலம்னு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றார் அவர், முழங்கால் தண்ணீரில் நின்றபடி. "என் கையெழுத்து பொய்யாகுமா? அதனால, இது தண்ணியில்ல."

ஸ்பெயினில் இருக்கும் பேரரசருக்கே முறையிட்டோம். முறையிட்டதையே நாங்கள் மறந்துபோன பிறகு, கடல் தாண்டி அரசாணை வந்தது: ஊரை உடனே மேட்டுக்கு மாற்றுக. ஊரே திரண்டது. ஆளுநர் தொப்பியைக் கழற்றினார். ஆணையை முத்தமிட்டார். தலைமேல் வைத்துக்கொண்டார். எங்களுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"பேரரசரின் ஆணைக்குப் பணிகிறேன். ஆனால் நிறைவேற்ற மாட்டேன்," என்றார்.

"அதெப்படி பிரபு?" என்று கேட்டாள் படகுக்காரி லியோனோர்.

"அரசர் தூரத்துல இருக்காரு. நேர்ல பாத்திருந்தா என்னை மாதிரியேதான் நினைச்சிருப்பாரு. அவர் நினைச்சிருக்கக்கூடியதைச் செய்றதுதானே ராஜ விசுவாசம்?"

முறைப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. இந்தப் பக்கத்து ஆளுநர்கள் எல்லாரும் செய்வதுதான். எங்களுக்குத்தான் வயிறு எரிந்தது.

எரிச்சல் அடங்குவதற்குள் அதுவே ஊரில் நாகரிகமாகிவிட்டது. பன்றி வறுக்கச் சொன்ன ஆளுநரின் உத்தரவைச் சமையல்காரன் தலைமேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனான். "வீட்டுத் தண்ணிய இறைச்சுக் கொட்டுங்கன்னேனே?" என்று என் மனைவி கேட்டாள். "பணியறேன்டி, ஆனா நிறைவேத்த மாட்டேன்," என்றேன். சோம்பலுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பிறகு பெருவெள்ளம் வந்தது. ஆளுநரின் கட்டில் அவரோடு சேர்ந்து தெருவில் மிதந்தது. அது தண்ணீர்தான் என்பது அன்றுதான் நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்தது. கட்டிலில் இருந்தபடியே அவசர உத்தரவு எழுதினார்: ஊர் முழுவதும் இப்போதே மேட்டுக்குப் போகட்டும்!

நகர சபைத் தலைவர் பிளாஸ் அதை வாங்கினார். தொப்பியைக் கழற்றினார். முத்தமிட்டார். தலைமேல் வைத்தார்.

"யோவ் பிளாஸ், இதத்தானய்யா நாம கேட்டோம்!" என்று அலறினாள் லியோனோர்.

"கேட்டோம்தான். இன்னைக்கு நல்ல உத்தரவ நிறைவேத்தினா, நாளைக்குக் கெட்டதையும் நிறைவேத்தச் சொல்வாரே? கிடைச்ச உரிமைய விடலாமா?"

ஊரே ஆர்ப்பரித்தது. நானும்தான்.

லியோனோர் தலையில் அடித்துக்கொண்டு, ஆளுநரைப் படகில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனாள். அங்கே சோளம் கூட முளைத்துவிட்டதாம். நாங்கள் உரிமையோடு தேவாலயக் கூரைமேல் உட்கார்ந்திருக்கிறோம். தினமும் அவள் படகைக் கொண்டுவந்து, "ஏறித் தொலைங்கய்யா!" என்கிறாள். எனக்கு ஏறிவிடத்தான் ஆசை. பக்கத்து ஆள் முதலில் ஏறட்டும் என்று பார்க்கிறேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.