பார் தேர்வுக் குழுவின் மாபெரும் வெற்றி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டுக்கும் குழு அமைத்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இரண்டாலும் இன்றுவரை விபத்து நடக்கிறது. ஆனால் கால்பந்து இறுதிப் போட்டியை நகரத்தின் எந்த பாரில் உட்கார்ந்து டிவியில் பார்ப்பது என்ற கேள்வியைக் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவு அப்படி அலட்சியமாக விட்டுவிடவில்லை. முறைப்படி 'பார் தேர்வுக் குழு' அமைத்தது. பிரிவின் மேலாளரே பொறுப்பேற்றார். அன்றிலிருந்து அவர் 'தலைவர்'.

தலைவருக்கு இந்தப் போட்டியில் தனி அக்கறை உண்டு. நகரத்துப் பெண்கள் அணியின் கோல் கீப்பர் அவருடைய ஒரே மகள். போட்டி நடப்பதும் இதே ஊரில்தான். வீட்டு வாசலில் பஸ் ஏறினால் மைதானத்து வாசலில் இறங்கலாம்.

சாப்பிட உட்கார்ந்தபோது மகள் ஒரு டிக்கெட்டை அவர் தட்டருகே வைத்தாள்.

"அப்பா, இந்தத் தடவையாவது நேர்ல வாங்கப்பா. நான் ஆடி ஒரு மேட்ச்கூட நீங்க நேர்ல பார்த்ததில்ல."

"மைதானத்துல என்னம்மா தெரியும்? நீ எறும்பு மாதிரி தெரிவே. பார்ல உன் நெத்தி வேர்வைகூடத் தெரியும்."

"அங்கயும் பெரிய ஸ்கிரீன் வச்சிருக்காங்கப்பா."

"ஸ்கிரீனைப் பார்க்கறதுக்கு எதுக்கும்மா அவ்வளவு தூரம் வரணும்?"

இந்த வாதத்துக்கு உலகத்தில் பதில் கிடையாது. மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள்.

"நான் போறேன்" என்றாள் மனைவி. "உங்க சீட்டு காலியாவே இருக்கும். என் பையைக்கூட அதுல வைக்க மாட்டேன். மனசு மாறினா வாங்க."

பெரிய காரியங்களில் இறங்குபவர்களுக்குக் குடும்பப் பாசம் குறுக்கே வருவது புதிதல்ல. தலைவர் அதைத் தாண்டிச் சென்றார்.

குழுவில் அவரைத் தவிர இருவர். ஒருவர் 'சோடாபுட்டி'. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது மனிதரா பீரோவா என்று தொட்டுப் பார்ப்பார். அவருக்கே திரை தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்பது குழுவின் அளவுகோல். இன்னொருவர் சம்பளப் பிரிவுக்காரர். இரண்டு காதும் மந்தம் என்பதால் ஒலி ஆய்வை அவரிடம் ஒப்படைத்தார்கள். மூவரும் அலுவலக நேரத்திலேயே ஆய்வுக்குக் கிளம்பினார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வந்தவர்களிடம் பியூன், "அதிகாரிங்க தண்ணி விஷயமாத்தான் வெளிய போயிருக்காங்க" என்றார். மக்களும் நெகிழ்ந்துபோய்க் காலிக் குடத்துடன் திரும்பினார்கள்.

முதல் பாரில் நட்டநடுவே ஒரு தூண். சோடாபுட்டி ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தலைவரே, இங்க உக்காந்தா ஒரு பக்கத்து கோல்தான் கிடைக்கும்" என்று அறிக்கை தந்தார். தூண் நிராகரிக்கப்பட்டது, பாரோடு சேர்த்து.

இரண்டாவது பாரில் எல்லாம் சரி. ஆனால் உரிமையாளர் நேர்மையானவர். "இடைவேளையில சீரியல் மாத்துவேன் சார். என் சம்சாரம் கல்லாவுல உக்காந்திருப்பா. மாத்தலன்னா எனக்கு வீட்ல சாப்பாடு கிடையாது" என்றார். நேர்மை பாராட்டப்பட்டது, பார் கைவிடப்பட்டது.

மூன்றாவது, மைதானத்துக்கு நேரெதிரே இருந்தது. மைதானத்துக்குள்ளே வேறு ஏதோ ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று மைதானமே அதிர, "கோல்!" என்ற கூச்சல். அதே ஆட்டத்தைக் காட்டிய பார் டிவியிலோ பந்து இன்னும் நடுக்களத்தில் நிதானமாக உருண்டுகொண்டிருந்தது.

"கூச்சல் முன்னாடி வருது, கோல் பின்னாடி வருது தலைவரே" என்றார் சோடாபுட்டி.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் சம்பளப் பிரிவுக்காரர்.

தலைவர் சாலைக்கு வந்து மைதானத்தை ஏற இறங்கப் பார்த்தார். "அருமையான பார்தான். இந்த மைதானம் மட்டும் இடைஞ்சலா இல்லன்னா முடிச்சிருக்கலாம்" என்றார் வருத்தத்துடன்.

கடைசியில் ஊரின் மறுகோடியில் ஒரு பாரைக் குழு ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. சுவருக்கு ஒரு திரை. கண் கூசாத வெளிச்சம். இயற்கை அழைத்தாலும் ஆட்டம் தவறாதபடி கழிவறையிலும் ஒரு குட்டித் திரை. இப்படியொரு பாரை இந்நகரம் பெற்றதற்கு அது என்ன தவம் செய்ததோ தெரியவில்லை.

போட்டி நாளும் வந்தது. ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. தலைவர் சொன்ன வாக்குப் பொய்க்கவில்லை; மகளின் நெற்றி வேர்வை துளித்துளியாகத் தெரிந்தது. கடைசி உதையை அவள் பாய்ந்து தடுத்தாள். கோப்பை நகரத்துக்கு. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் நாற்காலியில் ஏறி நின்று, "எம் பொண்ணு!" என்று கத்த வாயைத் திறந்தார்.

அதற்குள் கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பிவிட்டது. அவர் மனைவி அழுதபடி நின்றாள். எள் போட்டால் எள் விழாத கூட்டத்தில், பக்கத்தில் ஒரே ஒரு காலி நாற்காலி.

"அதோ, கீப்பரின் தாயார்" என்றார் வர்ணனையாளர், குரல் தழுதழுக்க. "அருகில் ஓர் இருக்கையை யாருக்கும் தராமல் காலியாகவே வைத்திருக்கிறார். மறைந்த கணவரின் நினைவாக இருக்கலாம் நேயர்களே. அந்தத் தகப்பன் எங்கிருந்தாலும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்."

பார் உரிமையாளர் சத்தத்தை நிறுத்தினார். "எல்லாரும் ஒரு நிமிஷம் எந்திரிச்சு நில்லுங்கப்பா. பாவம், பெத்தவனுக்குக் கொடுத்து வைக்கல."

நாற்காலிகள் நகர்ந்தன. கோப்பைகள் மேசைக்கு இறங்கின. சோடாபுட்டி பதறிப்போய், உட்கார்ந்தபடியே தலைவரின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தலைவரே, நாம என்ன பண்றது?"

"எந்திரிங்கய்யா. எல்லாரும் பார்க்கறாங்க."

தலைவரும் இறங்கித் தலைகுனிந்து நின்றார். தனக்கான மௌன அஞ்சலியில் தானே கலந்துகொள்ளும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? எல்லாச் சுவர்களிலும் அவர் மகள் தெரிந்தாள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பார்வையாளர் பக்கமே தேடிக்கொண்டிருந்தாள். அவருக்கு அழுகை பீறிட்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

உரிமையாளர் வந்து தோளில் கை வைத்தார்.

"இப்படி உருகிட்டீங்களே சார். அந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டிவியில பார்த்திருக்கேன்" என்றார்.