கரும்புத் தோட்டத்து கன்ட்ரோலர்

ஓர் இளைஞன் சாயங்காலமானால் தனியாகப் போய் போனில் பேசிக்கொண்டிருந்தால், மற்ற ஊர்களில் காதல் என்பார்கள். எங்கள் ஊர் பாகூர் பக்கம். நாலு வரப்பு தாண்டினால் வேறு மாநிலம், கடலூர் மாவட்டம். இந்தப் பக்கம் பாட்டில் விலை குறைவு, அந்தப் பக்கம் அதிகம். அதனால் இங்கே முதலில் சாராயக் கடத்தல் என்றுதான் நினைப்பார்கள். (காதல் இரண்டாவதுதான்.)

விமானப் பயிற்சியில் இருந்த நான், கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டும் தேர்வுக்குப் படிக்க வீட்டுக்கு வந்திருந்தேன். மேகத்துக்குள் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. முள் காட்டும் திசையை நம்பி, வானத்தில் கண்ணுக்குத் தெரியாத பாதையில், ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். எப்போது போகலாம், எங்கே காத்திருக்கலாம் என்று தரையிலிருந்து கன்ட்ரோலர் சொல்வார். கூடப் படித்த மதுரைக்காரி நித்யா போனில் கன்ட்ரோலராக இருப்பாள். நான் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, பாதை வரைபடத்தை விரித்துக்கொண்டு விமானமாக இருப்பேன். வீட்டில் சிக்னல் கிடைக்காததால், கரும்புக்கு நடுவே மோட்டார் கொட்டாயில்.

பக்கத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அப்பாவின் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

“உனக்கு முன்னாடி ஒருத்தன் போறான். அவன் கடலூர் தாண்டட்டும், அப்புறம் உன்ன விடறேன்.”

“சரி, அதுவரைக்கும் இங்கயே சுத்திக்கினு இருக்கேன்.”

அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் என் பைக் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். அம்மா என் சட்டையை மோந்து பார்த்தாள். சாப்பிடும்போது இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரகசியமாகப் பெண் பார்க்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டேன்.

அப்பா போனது தாய்மாமா ஏழுமலையிடம். அவர் போலீஸ் ஏட்டு.

“கேஸ் கீஸ் வேணாம் மச்சான். புடிச்சி மிரட்டி வுடு, போதும்.”

அன்று சாயங்காலம் நான் பத்தாயிரம் அடி உயரத்தில் இருந்தபோது கரும்பு சலசலத்தது. இரண்டு பேர் குனிந்து குனிந்து வந்தார்கள். ஊரில் மோட்டார் ஒயர் திருட்டு நடந்துகொண்டிருந்த நேரம். எனக்குச் சந்தேகமே இல்லை.

“ரெண்டு பேரு வர்றானுங்க. போனை வை,” என்று நித்யாவிடம் கிசுகிசுத்தேன்.

அப்பாவோடு கரும்புக்குள் இருந்த மாமாவுக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. வரைபடத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடிய நான், எங்கள் வாய்க்காலிலேயே தலைகுப்புற விழுந்தேன். (நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் இருக்கிறது.)

காலரைப் பிடித்துத் தூக்கிய மாமா, ஈர வரைபடத்தைப் பிரித்தார். முழுக்கக் கோடுகள். கோடுகளில் அர்த்தமில்லாத ஐந்தெழுத்துப் பெயர்கள்.

“இது இன்னாடா ரூட்டு?”

“வானத்துல போற ரூட்டு மாமா.”

“இதெல்லாம் யாரு, உன் ஆளுங்களா?”

“இல்ல மாமா, எடத்துக்கு வச்ச பேரு. அங்க ஒண்ணும் இருக்காது.”

“ஒண்ணும் இல்லாத எடத்துக்கு எதுக்குடா பேரு?”

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கேஸ் விழுந்தால் லைசென்ஸ் கனவு அன்றோடு சரி. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மாமா வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“யாரும்மா நீ?”

“கன்ட்ரோலர். நீங்க யாரு?”

“யாரை கன்ட்ரோல் பண்ற?”

நித்யா கொஞ்சம் யோசித்தாள். “இப்போதைக்கு இவன் ஒருத்தனைத்தான் சார்.”

அப்புறம் அவளே தேர்வு, மேகம், பாதை என்று மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் விளக்கினாள். மாமா வரைபடத்தை மடித்து அப்பாவிடம் நீட்டினார்.

“இது சாராயம் இல்ல மச்சான். இது வேற கேசு.”

நான் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன். (அன்றைக்கு அது உண்மை.) அப்பா நம்பவில்லை. தேர்வு முடிந்து, வேலை கிடைத்து, நித்யாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது, “எனக்கு அப்பவே தெரியும்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது இரண்டு பேருமே விமானம் ஓட்டுகிறோம். ஆனால் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் மாமா இந்தக் கதையை எடுத்துவிடுவார். முடிக்கும்போது பந்திப் பக்கம் கையைக் காட்டுவார்.

“அன்னிக்கி நாங்க புடிச்சது ஏ-டூ தான். ஏ-ஒன் அக்யூஸ்டு தோ, வடை துன்னுக்கினு ஒக்காந்துருக்குது.”